பூவரசனின் நாலு சைலன்சர்

"விடியக்காலையில அந்த வண்டிச் சத்தம் இருக்கே, கைப்புள்ள தூக்கிப்போட்டு அழுவுதுப்பா," என்றார் கொளஞ்சியப்பன். எதிர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

பிக்கப் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த பூவரசனின் கை அப்படியே நின்றுவிட்டது. தினமும் காலை நாலு மணிக்குச் செட்டிகுளத்திலிருந்து சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டு திருச்சி மார்க்கெட்டுக்குப் போகிறவன் அவன். ஏற்றுகிற வெங்காயத்தில் பாதி கொளஞ்சியப்பனுடையது. அவர் முகம் சுளித்தால் வண்டி பாதி காலியாகத்தான் போகும்.

"சைலன்சர் கொஞ்சம் ஓட்டையாயிருச்சு சித்தப்பா. மாத்திடுறேன்."

"மாத்தணும்ல. நாலு பேரு தூங்குற தெரு," என்றார் அவர், இன்னும் சத்தமாக.

கொளஞ்சியப்பனின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றிருந்தாள். மாப்பிள்ளை ரஞ்சித்குமாரும் ஒரு மாதமாக மாமனார் வீட்டிலிருந்தே அரியலூர் சிமெண்ட் ஆலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அவர்தான் அக்கறையாக இறங்கி வந்தார்.

"பெரம்பலூர் நாலு ரோட்டுப் பக்கம் ஒரு கடை இருக்கு மச்சான். நமக்குப் பழக்கம்தான். என் பேரைச் சொல்லுங்க."

பூவரசன் அன்றைக்கே போய் அவர் பேரைச் சொன்னான். கடைக்காரர் பாலசுந்தரம் சுவர் முழுக்கச் சைலன்சராக மாட்டி வைத்திருந்தார்.

"என்ன மாதிரி சத்தம் வேணும்?"

"சத்தம் வேணாங்க."

பிரியாணிக் கடைக்கு வந்து தயிர்சாதம் கேட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார் பாலசுந்தரம்.

"கம்பெனி சைலன்சரே போட்டுக் குடுங்களேன்."

"ஆர்டர் போட்டு வர்றதுக்குப் பத்து நாளாவும். இதப் பாருங்க, பெரிய காருக்குப் போடுறது. உள்ள பஞ்சு அடைச்சிருக்கு. பூனை நடக்குற மாதிரி போவும்."

தண்ணீர்க்குடம் அளவுக்குப் பளபளவென்று இருந்த அதை வெல்டிங் வைத்துப் பொருத்தினார்கள். கடை வாசலில் ஸ்டார்ட் செய்தபோது நிஜமாகவே பூனைதான். மறுநாள் காலை, வண்டி தெருவில் வேகம் எடுத்தபோதுதான் அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல் கிளம்பியது. அவன் மனைவி வேணியின் பாத்திர அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன.

"வண்டிய மாத்துனீங்களா, சைலன்சர மாத்துனீங்களா?" என்று கேட்டாள் வேணி, மத்தியானம் அவன் சாப்பிட உட்கார்ந்ததும்.

பூவரசன் பதில் சொல்வதற்குள் எதிர் வாசலில் குரல் கேட்டது. "முன்னாடி புள்ள மட்டும்தான் முழிச்சுது. இப்ப ஊரே முழிக்குது."

சோற்றில் கை வைத்தவன் எழுந்து பெரம்பலூருக்கு ஓடினான். பாலசுந்தரம் கொஞ்சமும் அசரவில்லை.

"ஒரு டப்பாவுல அடங்கலன்னா ரெண்டு டப்பாவா வச்சிருவோம்."

இரண்டாவது டப்பா வைத்ததும் சத்தம் அடங்கியது. கூடவே வண்டியும் அடங்கியது. பாடாலூர் தாண்டி ஒரு மேம்பாலத்தில் முதல் கியரில் முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தபோது, கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று அவனைத் தாண்டிப் போனது. டிராக்டர்காரர் திரும்பிப் பார்த்து, "தள்ளி வுடணுமா?" என்று பரிவாகக் கேட்டார்.

அது போதாதென்று, இரண்டு டப்பாவுக்கு இடம் பற்றாமல் குழாயின் வாயைப் பக்கவாட்டில் வளைத்து விட்டிருந்தார்கள். டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டு மறுபடி கிளம்பியபோது மொத்தப் புகையும் வடைத் தட்டில் போய் இறங்கியது. தட்டிலிருந்த வடை அத்தனையும் பூவரசன் தலையில் விழுந்தது. கரி படிந்த பன்னிரண்டு வடையோடு வீட்டுக்கு வந்தான்.

"இத என்ன பண்றது?" என்றாள் வேணி.

"தெரியல."

"எனக்கென்னமோ பழைய சைலன்சர்லயே அவ்வளவு சத்தம் வந்த மாதிரி தெரியல."

"உனக்குத் தெரியலன்னா? சித்தப்பா பொய்யா சொல்றாரு?"

மூன்றாவது முறை பாலசுந்தரம் ஒரு டப்பாவைக் கழற்றிவிட்டு, குழாயை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நட்டுக்குத்தலாக மேலே ஏற்றிவிட்டார். "புகையும் மேல போயிரும், சத்தமும் மேல போயிரும். தூங்குறவங்க கீழதான படுத்திருக்காங்க."

சத்தம் மேலே போனதா என்று பூவரசன் யோசிக்க நேரமில்லை. சூடு உள்ளேயே நின்றது. குழாயை ஒட்டி அடுக்கியிருந்த நாலு மூட்டையும் கொளஞ்சியப்பனுடையவை. திருச்சியில் மண்டிக்காரர் மூட்டையைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு அங்கிருந்தே கொளஞ்சியப்பனுக்குப் போன் போட்டார்.

"ஏங்க, வெங்காயம் அனுப்பச் சொன்னா வதக்கி அனுப்பிருக்கீங்க."

பூவரசன் ஊர் திரும்பினான். இத்தோடு லோடு போயிற்று என்று நினைத்தான். ஆனால் கொளஞ்சியப்பன், "போனா போவுது வுடு," என்று தணிவாகச் சொன்னார். அப்புறம் மாப்பிள்ளை வாசலுக்கு வருவதைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார். "இந்த வண்டிச் சத்தம் மட்டும் கொறையவே மாட்டேங்குது பாரு."

"ஆமா மச்சான், சைலன்சர் விசயத்துல அலட்சியம் கூடாது," என்றார் ரஞ்சித்குமார்.

வெங்காயம் வெந்ததற்குக் கோபப்படாத மனிதர் சத்தத்துக்கு இப்படி வருத்தப்படுகிறாரே என்று பூவரசனுக்குத் தோன்றியது. கம்பெனி சைலன்சருக்கே ஆர்டர் போட்டான். அது வந்து மாட்டியும் அவனுக்கு மனசு ஆறவில்லை. காலையில் காலி வண்டியை அவனும் வேணியுமாகத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டுபோய், அங்கே ஸ்டார்ட் செய்து, களத்துக்குப் போய் லோடு ஏற்றினான்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து இந்த வண்டியில ஒருநாள் உக்காரச் சொன்னதில்ல," என்றாள் வேணி மூச்சிரைத்தபடி. "தள்ள மட்டும் கூப்புடுறீங்க."

நாலு நாள் தள்ளினார்கள். ஐந்தாம் நாள் சாயங்காலம் எதிர் வாசலில் மறுபடி அதே குரல் எழுந்தது. "வண்டிச் சத்தம் தாங்கலப்பா."

பூவரசனுக்குப் பொறுமை போய்விட்டது. வண்டியை நேராக அவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் இறங்கினான்.

"கேளுங்க சித்தப்பா. நல்லா காதக் குடுத்துக் கேளுங்க. எங்க இருக்கு சத்தம்? நாலு சைலன்சர் மாத்திட்டேன். பொண்டாட்டிய வுட்டுத் தள்ளச் சொல்றேன். இன்னும் என்னதான் பண்ணணும் நானு?"

கொளஞ்சியப்பன் திருதிருவென்று விழித்தார். வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். விறுவிறுவென்று கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

அவர் மனைவி பரிமளா செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை காதில் விழாதபடிக் குனிந்து கிசுகிசுத்தாள்.

"கோவிச்சுக்காத பூவரசு, அஞ்சரைக்கு எங்க மாப்புள புல்லட்டக் கெளப்புறாரே அந்தச் சத்தத்தத்தான் அவரு சொல்றாரு, மாப்புளகிட்ட நேரா சொல்ல முடியுமா, உன்னச் சொன்னாலாவது அவருக்கு ஒறைக்குமான்னு பாக்குறோம்."