சண்டையில்லா நாட்கள்

உலக சமாதானத்துக்காக யார் யாரோ பாடுபட்டிருக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவர்கூடத் தம் வீட்டு ஹாலில் அதற்கென்று பலகை மாட்டியதில்லை. அந்தப் பெருமை திருவிடந்தை அப்பாசாமிக்கே உரியது.

அப்பாசாமி செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தகர டப்பா கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. கம்பெனி வாசலில் 'விபத்தில்லா நாட்கள்: 1,412' என்று ஒரு பலகை தொங்குகிறது. தினமும் அதில் ஒன்றைக் கூட்டி எழுதுவது அவர் கைதான். பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த குமாருக்கு விரல் நுனி போனபோதுகூட, அது இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குமார் வீட்டுக் கதவின் வேலை என்று விசாரணை நடத்திக் 'கண்டுபிடித்து'ப் பலகையைக் காப்பாற்றிய மகான்.

அப்படிப்பட்டவர் வீட்டிலேயே இரண்டு பூனைகள் அடித்துக்கொண்டால் மானம் என்ன ஆவது? பழைய பூனை ராணி. புதுப்பூனை குண்டன். பஸ் ஸ்டாப்பில் மழையில் நடுங்கிக்கொண்டிருந்த குண்டனை அவர் மனைவி வச்சலா முந்தானையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். அன்று முதல் சோபாவில் பஞ்சு தங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாசாமி அவசரக் கூட்டம் போட்டார். வருகை: அவர், மனைவி, பூனைகள் இரண்டு. ராணி பாதியில் வெளிநடப்பு செய்தது. ஹாலில் 'சண்டையில்லா நாட்கள்' பலகை மாட்டுவது, மாதக் கடைசிக்குள் எண்ணிக்கை ஏழு ஆகாவிட்டால் குண்டனைக் கம்பெனி குடோனுக்கு எலி பிடிக்க 'இடமாற்றம்' செய்வது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. ஏகமனது என்றால் அவர் மனது.

"குடோன்ல லாரி வந்துகினும் போய்கினும் கீதுங்க. குட்டி நசுங்கிடும்" என்று வச்சலா அழுதேவிட்டாள்.

"ரூல்ஸ்ல அழுகைக்கு எடம் கெடையாது வச்சலா."

மறுநாள் முதல் காலை ஏழு மணிக்குப் பூனைகளுக்குப் பாதுகாப்பு உறுதிமொழி வாசிக்கப்பட்டது. மன அழுத்தம் குறைய லாவெண்டர் ஸ்பிரே. கோபம் தணியப் புல்லாங்குழல். ஒற்றுமை வளர இரண்டுக்கும் ஒரே தட்டில் சாப்பாடு. பலகை பூஜ்யத்தை விட்டு அசையவில்லை.

மீன் விற்க வந்த எல்லம்மாள் கூடையை இறக்கிவைத்து இதையெல்லாம் பார்த்தாள்.

"இன்னா நைனா, ஒரே தட்டுல ரெண்டு மூஞ்ச வுட்டா அடிச்சிக்காம கொஞ்சிக்குமா? ஒண்ணுக்கு கிச்சன்ல வையி, ஒண்ணுக்கு பின்கட்டுல வையி. அவ்ளோதான்."

"இதுக்கு நீ டிரெய்னிங் எடுத்திருக்கியா?"

"முப்பது வருசமா மீன் கூடை தூக்குறேன். என்னாண்ட டிரெய்னிங் எடுக்காத பூனை இந்த ஊர்ல ஏது?"

சான்றிதழ் இணைக்கப்படாததால் யோசனை நிராகரிக்கப்பட்டது. ஆனால் அவர் தலை மறைந்ததும் வச்சலா தட்டைப் பிரித்துவிட்டாள். பலகை ஒன்று, இரண்டு என்று ஏறியது. பார்த்தீர்களா என்று அப்பாசாமி உறுதிமொழியில் இன்னும் நாலு வரி சேர்த்தார்.

மாதக் கடைசி நாள் எண்ணிக்கை ஆறில் நின்றது. மாலையில் ஏழு எழுதவேண்டியதுதான் பாக்கி. விழா எடுக்காமல் இருக்க முடியுமா? செல்போனில் படம் எடுக்கக் குமாரை வரச் சொல்லியிருந்தார். அவன் வருவதற்குள் ஓர் ஒத்திகை. இரண்டு பூனைகளையும் சேர்த்து அணைத்து ஒரே சாமந்தி மாலையைப் போட்டார்.

மாலை ஃபேனுக்குப் போயிற்று. ராணி குண்டன் மேல், குண்டன் ராணி மேல், இரண்டும் அப்பாசாமி மேல். வலது கையில் எட்டுக் கோடு, ரத்தத்தோடு.

வச்சலா பலகையைப் பார்த்தாள். பூஜ்யம் என்றால் குடோன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னாங்க..."

அப்பாசாமியும் பலகையைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எதுக்கு அழற? இங்க சண்டையே நடக்கல. கை கதவுல மாட்டிக்கிச்சு."

இடது கையால் கோணலாக ஏழு என்று எழுதினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வச்சலா முதல்முறையாகக் கணவனின் திறமையை மெச்சியபடி குண்டனை வாரி எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் குமார் உள்ளே வந்தான்.

"இன்னா சார், சட்டையெல்லாம் ரத்தம்?"

"ஒண்ணுமில்லப்பா. கதவு."

குமார் ஃபேனில் சுற்றும் மாலையைப் பார்த்தான். பலகையில் ஈரம் காயாத ஏழாம் எண்ணைப் பார்த்தான். நுனியில்லாத விரலால் மூக்கைச் சொறிந்துகொண்டான்.

"எங்க வூட்டுக் கதவாத்தான் இருக்கும் சார். அதுதான் இம்மாந்தூரம் வந்து கடிக்கும்."