இன்சுலேட்டர் பாயும் ஏசி வண்டியும்

1974 மே 12, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல விடிவதற்கு முன் எழுந்து, தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, காபி குடித்தேன். செய்தித்தாளில் முதல் பக்கத்தை முடித்து மடிப்பதற்குள் பக்கத்து வீட்டு வாசலில் இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது. டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். இன்சுலேட்டர் பாய் எழுந்துவிட்டார்.

விருத்தாசலத்தில் அவருடைய விரல் முட்டி படாத பொருள் ஒன்றே ஒன்றுதான்: ஜங்ஷனில் நிற்கும் ரயில் என்ஜின். அதுவும் சுடும் என்பதால்தான்.

பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய தொழிற்சாலையில் அவருக்குச் சோதனைப் பிரிவில் வேலை. மின்கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கிக்கொண்டு நிற்கிறதே, வெள்ளைக் குமிழ், அதுதான் இன்சுலேட்டர். சூளையிலிருந்து வருவதை ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்துத் தட்டுவார். கணீரென்று கேட்டால் "பாஸு". சத்தம் மந்தமாக இருந்தால் உள்ளே எங்கேயோ கீறல், "ரிஜெக்ட்டு". வேலை முடிந்தாலும் விரல் வீட்டுக்குத் திரும்புவதில்லை. சந்தையில் தர்ப்பூசணியைத் தட்டுவார். என் வீட்டுப் புதுக் கதவைத் தட்டினார், ரிஜெக்ட். மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஜமால் குனிந்து சலாம் சொன்னபோது, தட்டிக் கொடுப்பதுபோல முதுகில் இரண்டு தட்டுத் தட்டிக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பாஸு" என்றார். கல்யாணம் நடந்தது.

"என்னையும் தட்டிப் பாத்துதான் கட்டுனாரு. அன்னிக்கு இவருக்குக் காது சரியில்லபோல" என்பார் அவர் மனைவி ஆயிஷாம்மா.

தொழிற்சாலையில் கழித்துப் போட்டதெல்லாம் அவர் வீட்டுக்கு வரும். கட்டில் கால்களுக்கு அடியில் இன்சுலேட்டர். ஊறுகாய் இருப்பது இன்சுலேட்டரில். துணி காயப்போடும் கயிறுகூட இரண்டு இன்சுலேட்டர்களுக்கு நடுவில்தான் ஓடியது.

"துணியில கரண்ட் வராதே, பாய்" என்று ஒருமுறை கேட்டேன்.

"வரலைல்ல? அதுக்குத்தான் சார் மாட்டியிருக்குது."

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. அவர் அன்று தட்டிக்கொண்டிருந்தது ஒரு வண்டியை.

பாயின் ஒரே மகள் ஜரீனா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறைமாதம். வெளியே கத்திரி வெயில். தகரக் கூரையின் கீழே மின்விசிறி சூட்டை அள்ளி அள்ளி அவள் முகத்திலேயே கொட்டியது. ஒரே வாரத்தில் இரண்டு முறை மயங்கி விழுந்தாள். "இன்னொரு தடவை மயக்கம் வந்தா ஆஸ்பத்திரியிலேயே கொண்டாந்து படுக்க வெச்சிடுங்க. புள்ளைக்கு நல்லதில்ல" என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வார்டு எங்கள் தெருவைவிடச் சூடு.

குவைத்தில் டிரைவர் வேலை பார்த்துவிட்டு விடுமுறையில் வந்திருந்த ஜமாலுக்கு யோசனைகள் வேகமாக வரும். சென்னைத் துறைமுகத்தில் யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய வேன் ஒன்று ஏலத்துக்கு வந்தது. உள்ளே படுக்கை, சின்ன அடுப்பு, முகம் பார்க்கும் கண்ணாடி. கூரைமேலே வெள்ளைப் பெட்டியாக ஒரு ஏசி. அதை எடுத்து, சனிக்கிழமை இரவு எங்கள் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அந்தப் பெட்டியக் கழட்டி வூட்ல மாட்டக் கூடாதா மாப்ள?" என்றார் பாய்.

"கூரையோட சேத்துச் செஞ்சிருக்காங்க மாமா. கழட்டினா பெட்டியும் போயிடும், கூரையும் போயிடும். நம்ம வூட்டுக் கரண்ட்ட இதுக்குக் குடுத்தாப் போதும்."

பாய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றித் தட்டினார். தீர்ப்புச் சொல்லவில்லை.

அவர் உள்ளே போன நேரம் பார்த்து ஜமால் காரியத்தில் இறங்கினார். வண்டியின் ஒயர் முனையில் மூன்று கால் பிளக். வீட்டுச் சுவரில் இருந்ததோ இரண்டு ஓட்டை. மூன்றாவது கால் எதற்கு என்று பிளக்கையே வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு கம்பிகளை ஓட்டைகளில் செருகி, ஆடாமலிருக்கத் தீக்குச்சிகளைச் சொருகினார். ஏசி ஒரு எருமையைப்போல ஒருமுறை கனைத்தது. பீஸ் போய்விட்டது.

"கெட்டியா ஒரு கம்பி போட்டா பீஸு நிக்கும் மாமா."

"நிக்கும் மாப்ள. பீஸு நிக்கும், வூடு நிக்காது."

அதன்பின் பாய் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். மெயின் பலகையிலிருந்து நேராகத் தடித்த ஒயரில் ஒரு தனி லைன் இழுத்து, அதற்கென்று தனி பீஸ் வைத்தார். மிச்ச ஒயரை ஜமால் அழகாக வட்டம் வட்டமாகச் சுற்றிக் கோரைப்பாய்க்கு அடியில் வைத்திருந்தார். ஏசி ஓடிய சற்று நேரத்தில் பாய் அந்தச் சுருளைத் தொட்டுப் பார்த்தார்.

"மாப்ள, இதுமேல இட்லி ஊத்தலாம். பிரிச்சுப் போடு."

"அழகா இருந்துச்சேன்னு சுத்தினேன் மாமா."

"அழகா எரியறதுக்கா?"

ஒயர் முற்றம் முழுக்க வளைந்து வளைந்து கிடந்தது. ஏசி ஓடும்போது வீட்டில் இஸ்திரிப் பெட்டி போடக் கூடாது என்று ஆயிஷாம்மாவுக்கு உத்தரவு. இதுவரை எல்லாம் சரி. இங்கேயே நிறுத்தியிருந்தால் அவர் இன்சுலேட்டர் பாய் ஆகியிருக்க மாட்டார்.

வண்டிச் சக்கரம் ஒவ்வொன்றின் அடியிலும் பீங்கான் பலகை வைத்தார். ஏறும் வாசலில் இரண்டு பெரிய இன்சுலேட்டர்களைக் கவிழ்த்து வைத்து, மேலே ஒரு பீங்கான் பலகை போட்டுப் படிக்கட்டு கட்டினார். பிறகு தெருவைக் கூட்டிச் சட்டத்தை அறிவித்தார்.

"நெலத்துல ஒரு காலு, வண்டியில ஒரு கையின்னு யாரும் நிக்கக் கூடாது. மொதல்ல ரெண்டு காலும் பீங்கான் மேல. அப்புறம் வண்டியத் தொடணும். எறங்கும்போதும் அப்படியே. பீங்கான் இருக்கும்போது என்ன பயம்?"

ஜரீனாவைக் கையைப் பிடித்து ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. பத்து நாட்களாக அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு தெருவே சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஏறி இறங்கியது. நானும் போய் உட்கார்ந்தேன். இறங்கியபோது மூக்குக் கண்ணாடி பனிமூட்டமாகிப் படிக்கட்டே தெரியவில்லை.

என் மனைவி இறங்கி வந்து, "பாய், சுருக்குன்னு ஏதோ இழுத்துச்சு" என்றாள்.

"ரெண்டு காலும் பீங்கான் மேல இருந்துச்சாம்மா?"

"ஒரு கால் தரையில பட்டிடுச்சு."

"அப்ப வண்டி பாஸு. நீங்கதான் ரிஜெக்ட்டு."

எனக்குச் சங்கடமாக இருந்தது. "எர்த் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே, பாய். உங்கள் தொழிற்சாலையில்கூடக் கொடுத்திருக்கிறார்களே" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எர்த்துன்னா என்னா சார்? ஓடிவர்ற கரண்ட்டுக்கு, இப்படிப் போ ராஜான்னு வழி காட்டறது. நான் இருவது வருசமா அத நிறுத்தற வேல பாக்கறவன். என் வூட்டு வாசல்லயே அதுக்கு வழி விடணுமா? தோத்தவன் செய்யற வேல சார் அது."

பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாளில் அறுப்பதற்காக ஒரு கிடாவை முன்கூட்டியே வாங்கிக் கட்டியிருந்தார் பாய். தட்டிப் பார்த்து வாங்கிய கிடா. மூன்று மணிக்கு மேல் அது கயிற்றை அவிழ்த்துக்கொண்டது. சட்டம் அறிவிக்கப்பட்டபோது அது கொல்லையில் இருந்தது.

துணி அலசிய தண்ணீர் ஓடி நனைந்திருந்த தரையில் நின்றபடி, அது தன் முதுகை வண்டியின் தகரத்தில் சுகமாக உரசியது. அடுத்த கணம் அது போட்ட சத்தத்தை நான் எந்த ஆட்டிடமும் கேட்டதில்லை. நான்கு காலும் ஒன்றாக மேலே எழும்ப, பீங்கான் படிக்கட்டை உடைத்துக்கொண்டு பாய்ந்து, என் வீட்டுக்குள் புகுந்து, நான் மடித்து வைத்திருந்த செய்தித்தாளின் மேல் நின்று நடுங்கியது.

அதே நேரம் ஆயிஷாம்மா ஒரு கையில் கஞ்சிப் பாத்திரத்துடன், வெறுங்காலோடு, அதே ஈரத் தரையில், வண்டிக் கதவின் இரும்புப் பிடிக்கு அரை முழம் முன்னால் கையை நீட்டியபடி அப்படியே நின்றிருந்தார். ஆடு கத்தியதால் நின்றார். இல்லாவிட்டால் நின்றிருக்க மாட்டார்.

"தொடாதே ஆயிஷா!"

பாய் ஓடிப்போய் மெயினை இறக்கினார். ஏசி ஓய்ந்தது. தெரு முழுக்க வெயிலின் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு என் வீட்டுக்குள் வந்து ஆட்டின் எதிரே குந்தினார். அதன் முதுகில் மெதுவாகத் தட்டினார். பாஸ் என்றும் சொல்லவில்லை, ரிஜெக்ட் என்றும் சொல்லவில்லை.

"ஆட்டுக்கு ரூல் தெரியல சார்" என்றார். கொஞ்சம் கழித்து, "நாளைக்குப் பொறக்கற புள்ளைக்கும் தெரியாது."

வெளியே ஜரீனாவை இறக்கிச் சுவர் நிழலில் உட்காரவைத்திருந்தார்கள். ஈரத்துணியை நெற்றியில் போட்டதும் காய்ந்தது. காலையில் சிரித்த முகம் மறுபடியும் வெளுத்துக்கொண்டு வந்தது.

"அத்தா, உங்க பீங்கான் பாஸுதான். வண்டிதான் ரிஜெக்ட்டு" என்றாள் அவள், அப்பாவுக்கு ஆறுதலாக.

பாய் கடப்பாரையை எடுத்தார்.

ஜமால் நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, இடுப்பளவு பள்ளத்தைத் தானே தோண்டினார். நடுவில் ஒரு இரும்புக் குழாய். அதைச் சுற்றி அடுக்கடுக்காக அடுப்புக்கரியும் கல்லுப்பும். குழாயிலிருந்து தடித்த கம்பி ஒன்று வண்டியின் உடம்புக்குப் போனது. ஜமால் வெட்டி எறிந்த மூன்று கால் பிளக்கை அவரே குப்பையில் தேடி எடுத்து வந்து கொடுத்தார். பாய் அதற்கு மூன்று ஓட்டை சாக்கெட் ஒன்று வைத்து, மூன்றாவது ஓட்டையைக் குழாய்க் கம்பியோடு சேர்த்தார்; மூன்றாவது காலுக்கும் வேலை கிடைத்தது. ஒயர் வண்டிக்குள் நுழையும் இடத்தில் தகரத்தின் விளிம்பு அறுத்து ரப்பர் கிழிந்திருந்தது. திருட்டுக் கரண்ட் வந்த வழி அதுதான். அந்த ஒயரை மாற்றி, ஓட்டையில் ஒரு பீங்கான் குழல் வைத்தார். "இதுக்கு மட்டும் பீங்கான்தான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

பள்ளத்தில் தண்ணீர் ஊற்றும்போதுதான் சண்டை வந்தது. அந்த மண் ஈரமாக இருந்தால்தான் எர்த் வேலை செய்யும், காயவிடக் கூடாது.

"குடிக்கறதுக்கே குழாயடியில அடிச்சிக்கிறோம். நீங்க குடம் குடமா குழியில ஊத்துறீங்களே பாய்!" என்றாள் என் மனைவி. "தெனமும் ஊத்தணுமா?"

"தெனமும்தாம்மா" என்றார் பாய், குற்றவாளியைப்போல.

இருட்டுவதற்குள் வேலை முடிந்தது. கரண்ட் வரும் கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு பல்பை வைத்துப் பார்த்தார். வீட்டில் எரிவதுபோலவே பளிச்சென்று எரிந்தது. ஏசியைப் போடச் சொன்னார். செருப்பைக் கழற்றி ஈரத் தரையில் நின்றார். ஆயிஷாம்மா முகத்தை மூடிக்கொண்டார். "பிஸ்மில்லா" என்று புறங்கையால் வண்டியைத் தொட்டார்.

ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தொட்டார். பிறகு உள்ளங்கையை வைத்தார். பிறகு குனிந்து, வண்டியை அல்ல, பள்ளத்து மண்ணை விரல் முட்டியால் தட்டினார். அதில் எந்தச் சத்தமும் வரவில்லை.

"பாஸு" என்றார்.

அன்று இரவு ஜரீனா போர்வை கேட்டாளாம்.

மறுநாள் காலை வழக்கம்போல எழுந்தேன். குழாயடிக்குக் கிளம்பியவன் வாசலிலேயே நின்றேன். ஏசி சீராக உறுமிக்கொண்டிருந்தது. பாய் பள்ளத்தின் ஓரத்தில் ஒரு கவிழ்த்த இன்சுலேட்டரின் மேல் உட்கார்ந்து, தொழுகைக்கு ஒளு செய்துகொண்டிருந்தார். கை கழுவிய தண்ணீர், முகம் கழுவிய தண்ணீர், கால் கழுவிய தண்ணீர், ஒரு சொட்டு வெளியே போகாமல் மகளின் வண்டிக்குக் காவலாக மண்ணுக்குள் இறங்கியது. ஒரு நாளைக்கு ஐந்து வேளை.

நான் உள்ளே போய் முகம் கழுவும் செம்பை எடுத்துக்கொண்டு வந்தேன். பாய் நிமிர்ந்து பார்த்துவிட்டு, எனக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.