சத்தம் பாஸும் ஆமையின் புது எஞ்சினும்

ஊரடங்குச் சட்டத்துக்கு அடுத்தபடியாக வெள்ளவத்தையை வாய்மூட வைத்த ஒரே மனிதர் சத்தம் பாஸ்தான். முழு வெள்ளவத்தை என்று சொன்னால் அடுத்த ஒழுங்கைக்காரர் சண்டைக்கு வருவார்கள். காலி வீதியிலிருந்து கடற்கரை ரயில் பாதைவரை இறங்கும் ஒடுங்கிய தெருவான எங்கள் ஒழுங்கையை மட்டும் என்று திருத்திக்கொள்கிறேன்.

மேசன், தச்சர், மெக்கானிக் எல்லோருக்கும் கொழும்பில் பாஸ் என்றுதான் பெயர். இவர் மெக்கானிக். எஞ்சினைக் காதால் கேட்டே சரிசெய்பவர். காரின் பொனற்றைத் திறந்ததும் வலது கையை உயர்த்தி, "சத்தம்!" என்பார். அதோடு ஒழுங்கை உறைந்துபோக வேண்டும். மேல்மாடி அன்ரி சம்பல் பாதியில் இருந்தாலும் கிரைண்டரை நிறுத்த வேண்டும். பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வரும் ஓட்டோவைப் பார்த்து, "மல்லி, பொட்டக் நவத்தன்ன!" என்று, கொஞ்சம் நிறுத்தச் சொல்லிச் சிங்களத்தில் அதட்டுவார்; பாட்டும் ஓட்டோவும் சேர்ந்து நின்றுவிடும். ஒரு பிறந்தநாள் வீட்டில் பாட்டே இல்லாமல் கேக் வெட்டவைத்தார் என்றும் ஒரு கதை உண்டு. நான் நேரில் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன். ரயிலிடம் மட்டும் அவருடைய அதிகாரம் செல்லவில்லை. அது வந்தால், உயர்த்திய கையை இறக்காமல், பம்பலப்பிட்டிப் பக்கம் அது மறையும்வரை முறைத்துக்கொண்டு நிற்பார்.

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் எஞ்சின் பார்த்தவர். முப்பது வருடத்துக்கு மேல் அந்த இரைச்சலுக்குள் நின்று, எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறியப் பழகியவர். "மிஸ், மிசின் பேசும். நம்ம வாய மூடுனாத்தான் அது வாயத் திறக்கும்" என்பார். என் கணவர் இணையத்தில் பார்த்து டைமிங் லைட் ஒன்று வாங்கி வந்தார். எஞ்சினில் பொறி சரியான நேரத்துக்கு விழுகிறதா என்று மின்னி மின்னிக் காட்டும் விளக்கு அது. பாஸ் அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "கல்யாண வீட்டுக்கு நல்லா இருக்கும் சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எங்களிடம் இருந்தது வளைந்த முதுகுள்ள ஒரு பழைய ஆங்கிலேயக் கார். ஒழுங்கை அதற்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தது. இறக்குமதி நின்று புதுக் கார் விலை ஆகாயத்துக்குப் போன காலத்தில் ஆமையின் எஞ்சின் உயிரை விட்டது. பழைய ஜப்பான் எஞ்சின் ஒன்றை வாங்கினோம். பாதி எஞ்சின் பெட்டியிலும் மீதி சாக்கிலுமாக வந்து சேர்ந்தது. பாஸ் அதை ஒரு கிழமையாகக் காரில் பொருத்திப் பூட்டினார்.

அந்த நேரம் அவருக்கும் காலம் சரியில்லை. அவர் கைவைத்த இரண்டு கார்கள் அந்த மாதம் அடுத்தடுத்துச் சண்டித்தனம் பண்ணியிருந்தன. ஓட்டோ ஸ்ராண்டில் கதை கிளம்பிவிட்டது. "பாஸின்ர காது போயிட்டுதாம். இரத்மலானையில கொம்பியூட்டர் வச்சுப் பாக்கிறாங்கள், அங்க கொண்டு போங்கோ." நான் அதை நம்பவில்லை. கொஞ்ச நாளாக அவர் என் வாயையே பார்த்துப் பார்த்துப் பதில் சொல்வதைக்கூட மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன்.

நட்டு இறுக்கிக்கொண்டே ஒருநாள் சொன்னார். "இந்த வண்டி ஓடுச்சுன்னா நான் இங்க இருப்பேன் மிஸ். இதுவும் கெட்டுச்சுன்னா ஒருத்தனும் பொனற்றத் திறந்து காட்ட மாட்டான். ஹட்டனுக்கு மகன்கிட்டப் போயிற வேண்டியதுதான். அவன் மாடு பாத்துக்கச் சொல்றான். மாட்டுக்கு பொனற்று இல்லையே மிஸ்."

சனிக்கிழமை காலை டிஸ்ரிபியூட்டரை எஞ்சினுக்குள் இறக்கும் நாள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைவைத்து மின்பொறி பங்கிடும் சாமான் அது. அதை இறக்குவதற்கு எஞ்சினின் கப்பியில் இருக்கும் கோட்டை அடையாளத்துக்கு நேரே கொண்டுவர வேண்டும். சங்கடம் என்னவென்றால், அந்தக் கோடு இரண்டு சுற்றில் இரண்டு தடவை நேரே வரும். முதல் சிலிண்டர் காற்றை அமுக்கும்போது வருவதுதான் சரி. மற்றதை நம்பினால் பொறி ஒரு முழுச் சுற்றுப் பிந்தி விழும். உலகத்தில் எல்லா மெக்கானிக்கும் பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் பெருவிரலை வைத்து, காற்று தள்ளுகிறதா என்று பார்ப்பார்கள். சத்தம் பாஸுக்கு அது கத்துக்குட்டி வேலை. அவர் துவாரத்துக்குப் பக்கத்தில் காதை வைத்து, "புஸ்" என்ற சத்தத்துக்காகக் காத்திருப்பார்.

"சத்தம்!" கிரைண்டர் நின்றது. பாண் பாட்டு நின்றது. என் கணவர் விட்டு விட்டுச் சாவியைத் திருப்பினார். பாஸ் கண்ணை மூடியபடி விரலை உயர்த்தி, "வந்துருச்சு!" என்றார். எனக்கு அந்த "புஸ்" அதற்கு முந்திய சுற்றில் கேட்டதுபோல் இருந்தது. ஆனால் நான் யார், கொள்ளுப்பிட்டியில் கணக்கெழுதுகிறவள். வாயை மூடிக்கொண்டேன்.

டிஸ்ரிபியூட்டர் இறங்கியது, பிளக்குகள் ஏறின, வயர்கள் மாட்டப்பட்டன. டிஸ்ரிபியூட்டரைப் பிடித்தபடி பாஸ் மறுபடி கண்ணை மூடிக் காதைச் சாய்த்தார். கணவர் சாவியைத் திருப்பினார்.

வெடித்தது. கார்பரேட்டரால் ஒரு முழ நெருப்பு வந்துபோனது. மதிலில் இருந்த காகங்கள் கடல்வரை போயின. எங்கள் ஒழுங்கைக்கு இப்படியான சத்தத்தில் பழைய அனுபவம் உண்டு. எல்லோரும் முதலில் கதவைச் சாத்திவிட்டுப் பிறகு ஜன்னலால் பார்த்தார்கள். என் கணவர் எப்படிக் காரை விட்டு வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது.

பாஸ் மட்டும் அசையவில்லை. சாய்த்த தலை சாய்த்தபடி, மூடிய கண் மூடியபடி, எஞ்சின் பேசுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மிஸ்," என்றார், "சார் இன்னும் சாவியத் திருப்பலயா?"

புகை மூக்கில் ஏறிய பிறகுதான் கண்ணைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார், ஜன்னல்களைப் பார்த்தார். விளங்கிவிட்டது. பழந்துணியை எடுத்துச் சுத்தமாக இருந்த கையைத் துடைக்கத் தொடங்கினார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"ஒண்டுமில்லை!" என்று ஒழுங்கை முழுவதற்கும் கேட்கக் கத்தினேன். "நான்தான் வயரை மாத்திக் குடுத்திட்டன்!"

"நீர் எங்கயப்பா வயரை..." என்று என் கணவர் உண்மை பேச வெளிக்கிட்டார்.

"இஞ்சரப்பா, நீங்கள் போய் சாவியைத் திருப்புங்கோ."

முதல் பிளக்கைக் கழற்றவைத்தேன். பாஸின் பெருவிரலைப் பிடித்துத் துவாரத்தில் அழுத்தினேன். மேல்மாடி அன்ரி பார்த்துக்கொண்டுதான் நின்றார், பார்க்கட்டும். "விரலா மிஸ்?" என்று பாஸ் மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன். ஒரு சுற்றில் ஒன்றுமில்லை. அடுத்த சுற்றில் காற்று அவர் விரலைத் தூக்கி எறிந்தது. பாஸ் விரலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு அவசரமே இல்லாமல் ஸ்பானரால் கப்பியைக் கோட்டுக்குக் கொண்டுவந்து, டிஸ்ரிபியூட்டரைக் கழற்றி, அதன் உள்முனையை அரைவட்டம் திருப்பி மறுபடி இறக்கினார்.

ஆமை இருமி இருமிப் பற்றிக்கொண்டது. பாஸ் இந்த முறை காதைச் சாய்க்கவில்லை. இடது உள்ளங்கையை முன்சில்லுக்கு மேலுள்ள மட்காட்டில் விரித்து வைத்தார். வலது கையால் டிஸ்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். உதறிக்கொண்டிருந்த கார் மெல்ல மெல்ல அடங்கியது. ஓரிடத்தில் நிறுத்தி இறுக்கினார். என் கணவர் ஆசையை அடக்க முடியாமல் தன் கல்யாண வீட்டு விளக்கைப் பிடித்துப் பார்த்தார். கோடு அடையாளத்தில் அப்படியே நின்றது.

"கேட்டீங்களா மிஸ், எப்படிப் பாடுதுன்னு?"

"ஓம் பாஸ், கேட்டது."

அவர் ஹட்டனுக்குப் போகவில்லை. நடந்ததை யாருக்கும் சொல்லவில்லை என்று மேல்மாடி அன்ரி சத்தியம் செய்தார். ஆகவே எல்லோருக்கும் தெரியும். ஓட்டோ ஸ்ராண்ட்காரர்களே இப்போது வண்டியை அவரிடம்தான் கொண்டு வருகிறார்கள். வந்தவர் எல்லாம் தாங்களாகவே மட்காட்டை ஒரு துணியால் துடைத்து, அவர் கைவைக்க இடம் பண்ணிக் கொடுக்கிறார்கள். அவரோ இன்றைக்கும் கையை உயர்த்தி, "சத்தம்!" என்றுதான் தொடங்குகிறார். கிரைண்டர் நிற்கிறது. பாண் பாட்டு நிற்கிறது. ரயில் வந்தால் பக்கத்தில் நிற்பவர் அவர் தோளைத் தொடுகிறார்.

"எனக்கும் கேட்டுச்சு" என்று சொல்லி, ரயிலை முறைத்துக்கொண்டு நிற்கிறார். அது போய் மறைந்த பிறகும், அவர் கை இறங்கும்வரை நாங்கள் ஒருவரும் வாய் திறப்பதில்லை.