ஐநூறு தவுக் குழலும் தலையணைத் துணியும்

கோயமுத்தூர்
10.8.1994

மரியாதைக்குரிய திருமலைசாமி அண்ணனுக்கு,

தங்கை வரலட்சுமி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். இரண்டு பேருக்கும் பத்துப் பத்து விரல்களும் முழுதாக இருக்கின்றன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனகம் அண்ணியின் முழங்கால் வலி வால்பாறை மழையில் கூடாமல் இருக்க அவிநாசியப்பரை வேண்டிக்கொண்டேன் என்று எழுதுவதுதான் முறை. நான் ஒரு புட்டி தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். ஜூன் மாதம் நீங்கள் கொடுத்த, குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் அந்தப் பழைய ரைபிளை வருகிற ஞாயிற்றுக்கிழமை தயவுசெய்து எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். "அம்பது கஜத்துல அந்த ரைபிள்ல ஒரு தேங்காயாச்சும் உடையோணும். இல்லாட்டி பதினாலாந் தேதி ஜீப்போட வாரேன், குன்னூர்க்காரர் ஒருத்தர் கேட்டுட்டே இருக்காரு" என்று நீங்கள் எழுதிய கடிதத்தை அவர் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். இன்றுவரை எந்தத் தேங்காய்க்கும் ஒன்றும் ஆகவில்லை. தை மாதம் பம்பு ஒர்க்‌ஷாப்பைத் தம்பியிடம் ஒப்படைத்ததிலிருந்து அவர் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு மின்விசிறியின் சத்தத்தை வைத்து அதன் பேரிங் எப்போது போகும் என்று நாள் குறித்துக்கொண்டிருந்ததும், ரைபிள் வந்த பிறகு ஐந்து மணிக்கே எழுந்து குளித்துவிட்டு அன்னூர்த் தோட்டத்துக்குக் கிளம்புவதும் எனக்குத் தெரியாமல் இல்லை. உங்களிடம் அதை மறைக்கவும் இல்லை. ஆனால் என் வீட்டில் இனி கிழிப்பதற்குத் துணி இல்லை.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன், எனக்கே இப்போதுதான் புரிந்திருக்கிறது. முதலில் மருந்து, அப்புறம் எண்ணெய் தோய்த்த ஒரு வட்டத் துணி, அதன் மேல் ஈய உருண்டை. துணியோடு சேர்த்து உருண்டையைக் கோலால் அடிவரை தள்ள வேண்டும். குழலின் உள்ளே சுருளாக ஓடும் வரிப்பள்ளங்களைத் துணி பிடித்துக்கொண்டால்தான் உருண்டை சுழன்று நேராகப் போகும். உருண்டையின் அளவையும் துணியின் தடிமனையும் பொருத்தினால் போதும், வேறு வேலை இல்லை. இந்த இரண்டைப் பொருத்தத்தான் இரண்டு மாதம். உங்கள் மாப்பிள்ளை இதற்கு யாரைக் கூப்பிட்டார் என்றால், பம்பு அச்சு ஆடாமல் பிடிக்கிற புஷ்ஷை முப்பது வருஷம் லேத்தில் கடைந்த பொங்கியண்ணனை. குழலின் உள்வாய் ஐநூறு தவு, அதாவது சரியாக அரை அங்குலம். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அவர்களுக்கு ஒரு தவு. பொங்கியண்ணன் ஈயத்தை வார்த்து லேத்தில் போட்டு நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பதுக்குக் கடைந்து கொண்டுவந்தார்.

"ஒரு தவு உட்டிருக்கறேனுங்க அம்மணி. அதுவே எனக்கு மனசு கேக்கலீங்க."

"துணிக்கு இடம் எங்கீங்க?" என்றேன்.

"லூசா செஞ்சு குடுத்தா நாளைக்கு என்னைய நாலு பேரு என்னங்க சொல்லுவாங்க? இந்தக் கையில ஒரு பம்பு ஆடிருக்குமுங்களா?"

ஆடாதது பாதிக் குழலில் சிக்கிக்கொண்டது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. உள்ளே மருந்து இருக்கிறது, உருண்டை நடுவில் நிற்கிறது, இந்த நிலையில் சுட்டால் குழலே வெடிக்கும் என்று பொங்கியண்ணனே சொன்னார், நல்ல வேளை. மருந்தைத் தண்ணீர் ஊற்றி நனைத்து, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு மாட்டும் மூக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒர்க்‌ஷாப் கிரீஸ் கன்னால் கிரீஸை ஏற்றினார்கள். அரை மணி நேரம் கழித்து உருண்டை பற்பசை போலப் பிதுங்கி வந்து என் கோலத்தின் மேல் உட்கார்ந்தது. "சைஸுல தப்பில்லீங்க" என்றார் பொங்கியண்ணன், துடைத்துப் பார்த்துவிட்டு.

அதற்கு எதிர்ப்பக்கமாக அடுத்த உருண்டை நானூற்று எண்பது, துணி மிஷின் துடைக்கும் பனியன் வேஸ்ட். லேத்துக்காரர்களுக்கு உலகத்தில் துணி என்றால் பனியன் வேஸ்ட்தான். அது இழுத்தால் நீளும், சூடு பட்டால் நூலாகிவிடும். எரிந்துகொண்டே வெளியே பறந்துபோய் சோளத்தட்டுப் போரில் விழுந்தது. இரண்டு குடம் தண்ணீர். பிறகு அவருடைய வேட்டி, மெல்லிசு. பிறகு நான் கல்லூரிக்குக் கட்டும் கைத்தறிச் சேலை, அதுவும் கேட்காமல். ஒவ்வொரு துணியையும் மைக்ரோமீட்டரில் அளந்தார்கள். துணி அமுங்குகிற சரக்கு, திருகுகிறவர் கைக்குத் தகுந்தபடி அளவு மாறும். ஒரே சேலைக்கு அவர் பன்னிரண்டு தவு என்றார், பொங்கியண்ணன் ஒன்பது என்றார், நான் அளந்தால் பதினைந்து. இருபத்தைந்து வருஷமாகப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவள் பார்த்துக்கொண்டிருக்கிற காரியமா இது? உருண்டை, துணி, மருந்து மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் எது நடந்தது என்று எப்படித் தெரியும், ஒன்றை மட்டும் மாற்றுங்கள் என்று சொன்னதற்கு, "நீயே நோட்டுல எழுதிக்க அம்மிணி" என்றார். எழுதினேன். நாற்பத்தொரு வரி இருக்கிறது. கடைசி வரி, நேற்று நெய்யில் ஊறவைத்த முப்பது வட்டத் துணிகளையும் நாய் தின்றுவிட்டது என்பது. நாய் சுகம்.

அதனால்தான் எழுதுகிறேன். அவர் முகம் வாடும்தான். ஒரு வாரத்தில் மறந்துவிடுவார், மின்விசிறி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஜீப்போடு வாருங்கள், சாப்பிட்டுவிட்டு எடுத்துப்போகலாம். அண்ணிக்கு என் நமஸ்காரம். பேத்தி நேஹா நல்லபடியாகப் படித்து, கையில் அளவுக்கருவி எதுவும் எடுக்காத பையனைக் கட்டிக்கொள்ள என் ஆசிகள்.

இப்படிக்கு
தங்கை வரலட்சுமி

பின்குறிப்பு: 11.8.94, வியாழன். இதைத் தபாலில் போடுவதற்குள் மெத்தை தைக்கும் பக்ருன்னிசா பஞ்சு அடைக்க வந்தார். கந்தலாகக் கிடந்த சேலையைப் பார்த்து என்னவென்று கேட்டார், சொன்னேன். "தலகாணி உறையில பஞ்சு ஏன் வெளிய வர்றதில்லைங்கம்மா? இழை அத்தனை நெருக்கமுங்க. அதைப் போட்டுப் பாருங்க" என்று ஒரு முழம் கிழித்துக் கொடுத்தார். உருண்டையைக் குழலைவிடப் பத்துத் தவு குறைவாக, நானூற்றுத் தொண்ணூறுக்குக் கடையும்படி பொங்கியண்ணனுக்குச் சொல்லியனுப்பினேன். துக்க வீட்டுக்கு வருகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டு கொண்டுவந்தார். கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு நானும் தோட்டத்துக்குப் போனேன். எண்ணெய், மருந்து எதையும் மாற்றவில்லை.

அவர் சுட்ட இரண்டும் தேங்காய்க்கு ஒரு சாண் மேலே போயின, ஆனால் இரண்டும் ஒரே இடத்தில். அதை நோட்டில் குறித்துவிட்டு, இதுவும் ஆகாது என்று காட்டத்தான் நான் ரைபிளை வாங்கினேன். ஒரு சாண் கீழே குறிவைத்தேன். புகை விலகியபோது தேங்காய் இல்லை. அவர் குழலைத் துடைத்து மறுபடி கெட்டித்து என் கையிலேயே கொடுத்தார். யார் உடைக்க வேண்டும் என்று உங்கள் கடிதத்தில் இல்லை, எடுத்துப் பார்த்துவிட்டேன்.

ஒரு தேங்காயை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். துணி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது முப்பது முறை சுட்டுப் பார்க்க வேண்டும், பொங்கல் வரைக்குமாவது ஆகும். ஆகவே ஜீப் வேண்டாம், பஸ்ஸிலேயே வாருங்கள். குன்னூர்க்காரரிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள். அண்ணியிடம் பழைய தலையணை உறைகள் இருந்தால் ஒன்று விடாமல் எடுத்து வரவும். மதியம் தேங்காய்ப்பால் பாயசம். பயப்பட வேண்டாம், கடையில் வாங்கிய தேங்காய்.