நாக்கு மாஸ்டரும் ஒயின் கலரும்

திருப்பூரில் அந்தக் காலத்தில் சாயமேறிய பனியன் துணி அத்தனையும் ஒரே ஒரு நாக்கைக் கடந்துதான் வெளியூர் போனது என்று எழுதினால் சாயப்பட்டறைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

எங்கள் எதிர்வீட்டுக்காரருக்குப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் நாக்கு மாஸ்டர். சாயத் தொட்டியில் உப்பும் சோடாவும் சரியா என்று விரலால் தொட்டு நாக்கில் வைத்துத்தான் சொல்வார். சாயங்காலம் அவர் சைக்கிள் தெருவில் நுழைந்ததும் பிள்ளைகள் ஓடிப்போய், "மாஸ்டர், நாக்கு" என்பார்கள். இறங்கி நின்று நீட்டுவார். நீலமாக இருந்தால் அன்றைக்குப் பட்டறையில் நீலம் ஓடுகிறது என்று அர்த்தம். பதினொன்றாம் வகுப்பு வரை படித்தவள் என்ற தைரியத்தில், அது விஷம் என்று ஒருமுறை சொன்னேன்.

"விஷமா இருந்தா இந்நேரம் தெரிஞ்சிருக்குமுங்க அம்மிணி" என்றார், பச்சை நாக்கோடு.

அந்தச் சமயம் என் கணவர் வேலை பார்த்த கம்பெனிக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர் வரப் பார்த்தது. வந்தவர் பிரான்சின் தெற்கே, வெயில் காயும் கடலோரத்துக்காரர். ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலைக் கொடுத்து, தங்கள் ஊரில் மூன்று வகைத் திராட்சை சேர்த்துச் செய்வது, இந்த நிறத்தில் பனியன் வேண்டும், வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு மெட்ராஸ் போய்விட்டார். மதுவிலக்குக் காலம். முதலாளி அதைக் கம்பெனிக்குள் வைக்கவே மாட்டேன் என்றதால் பாட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தது. அரிசி டின்னுக்குள் புதைத்தேன். பிறகு அந்த அரிசியைப் பொங்கலாமா, கூடாதா என்று அரைநாள் யோசித்தேன். கலர் அமையாவிட்டால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் இவர் வேலையும் போகும் என்று யாரும் சொல்லவில்லை. நானாக முடிவு செய்துகொண்டேன்.

கம்பெனித் துணிக்குச் சாயமேற்றுவது மாஸ்டரின் பட்டறைதான் என்பதால் மறுநாள் காலை அவர் வந்தார். தக்கையைத் திருப்புளியால் உள்ளே தள்ளி, கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஜன்னலோரம் தரையில் வைத்து உட்கார்ந்தார். நடுவில் கருப்பு. ஓரத்தில் நாவல்பழம். சாய்த்தால் செங்கல். ஒரு மணி நேரம் போனது.

"நாக்குல வெச்சுப் பாருங்க மாஸ்டர்" என்றார் என் கணவர்.

"பழனிக்காரன்கிட்டச் சத்தியம் பண்ணியிருக்கறனுங்க." ஊரிலுள்ள சாயத்தையெல்லாம் நக்கிய மனிதர் கையைக் கட்டிக்கொண்டார். "கலந்தவனும் நம்ம தொழில்காரன்தானுங்க. இந்த மூணு கலருல எதை நான் புடிக்கறது?"

நாங்கள் மூவரும் விழித்துக்கொண்டிருக்கையில் என் பத்து மாதப் பெண் வசந்தி தவழ்ந்து வந்து டம்ளரைப் பிடித்து இழுத்தாள். கம்பெனி கட்பீஸில் நான் தைத்த வெள்ளைச் சட்டை முழுக்க ஒயின். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"தண்ணி உடாதீங்க அம்மிணி" என்றார் மாஸ்டர். "துணி சொல்லீருச்சு."

குழந்தையின் சட்டையைப் பூப்போல உருவி, வாழையிலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் குழந்தையை மூன்று முறை குளிப்பாட்டி வாயை முகர்ந்து பார்த்தேன். அவள் தூங்கிப்போனாள். அது வழக்கமான தூக்கமா, போதையா என்று எழுப்பிப் பார்த்தேன். அழுதாள். நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பிரெஞ்சுக்காரர், தண்ணீர் படாத அந்தச் சட்டையையும் மாஸ்டர் சாயமேற்றிய துணியையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எது ஒயின் என்று அவருக்கே தெரியவில்லையாம். சந்தோஷத்தில் மாஸ்டருக்கு ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினாராம். மாஸ்டர் கும்பிட்டு மறுத்துவிட்டு, சாயத் தொட்டியில் விரலை விட்டு நக்கி, உப்பு கொஞ்சம் தூக்கல் என்றாராம். வந்தவர் நாற்காலியைத் தேடினாராம்.

சட்டையைத் திருப்பிக் கேட்டேன். மாஸ்டர் தரவில்லை. தன் சாம்பிள் நோட்டைத்தான் காட்டினார். எல்லாக் கலருக்கும் வெறும் நம்பர். கடைசிப் பக்கத்தில் அந்தச் சட்டையைக் குத்தி, கீழே கோணல் எழுத்தில் 'வசந்தி' என்று எழுதியிருந்தார்.

ஆர்டர் வருடா வருடம் வந்தது. வசந்தி நடக்கப் பழகி, மற்றப் பிள்ளைகளோடு ஓடிப்போய், "மாத்தர், நாக்கு" என்பாள். விஷம், கிட்டே போகாதே என்று கூப்பிட வாயெடுப்பேன். அவர் அவள் உயரத்துக்குக் குனிந்து நீட்டுவார். அது ஒயின் கலரில் சிவந்திருக்கும் நாளில் மட்டும் கூப்பிடாமல் இருந்துவிடுவேன். இன்றைக்குப் பட்டறையில் எங்கள் பெண் ஓடுகிறாள்.