மரியாதை வாரம்

கண்ணாடிக்காரர் வாடிக்கையாளரின் இடது கண்ணை மூடிவிட்டுத் தன் போனைத் திறந்தார்.

"மேல இருந்து படிங்க."

வாடிக்கையாளர் ஒற்றைக் கண்ணால் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் படிக்கத் தொடங்கினார். கண்ணாடிக்காரர் படித்ததோ வேறு. கடை நேரம் போக மீதி நேரத்தில் அவர் நடத்தி வந்தது 'மின்னிசை முற்றம்' என்ற இணையக் குழு. கம்ப்யூட்டரிலும் சின்தசைசரிலும் இசை செய்கிறவர்கள் தங்கள் பாட்டுகளை அதில் ஏற்றுவார்கள், மற்றவர்கள் கேட்டுக் கருத்து எழுதுவார்கள். அன்று காலை ஒரு புதுப் பெண் தன் முதல் பாட்டை ஏற்றியிருந்தாள். புனைபெயர் வண்டு. பக்கத்தில் அவள் படம்: நல்ல கறுப்பு நிறம், கழுத்தில் ஹெட்ஃபோன், கேமராவைப் பார்த்து முழுச் சிரிப்பு.

படத்துக்குக் கீழே 'இடி' என்ற பழைய உறுப்பினர் எழுதியிருந்தார்: "கேட்டேன். அதே மேளச் சத்தம். மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே. சின்தசைசர் எல்லாம் உங்க இனத்துக்கு எதுக்கு? மேளத்தோட நிறுத்திக்கங்க."

கண்ணாடிக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது.

"கடைசி வரி சரியாத் தெரியலை சார்," என்றார் வாடிக்கையாளர்.

"எனக்கு நல்லாத் தெரியுது. அயோக்கியப் பய."

வாடிக்கையாளர் மூடிய கண்ணையும் சேர்த்துத் திறந்தார். "என்னையா சொன்னீங்க?"

"சேச்சே, உங்களை இல்லைங்க. இப்ப வலது கண்ணை மூடுங்க."

அவருடைய கோபத்துக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருந்தது. இளைஞராக இருந்தபோது அவரும் வேறொரு குழுவில் தன் முதல் பாட்டை ஏற்றினார். இந்த நிறத்துக்கு இந்த இசை எதற்கு என்று யாரோ ஒருவன் எழுதினான். மற்றவர்கள் வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் போட்டார்கள். அவர் தன் சின்தசைசரைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவர்தான். கல்யாணமாகி மனைவி வந்து, பெருக்கும்போது துடைப்பத்தில் இடித்த பிறகே அது வெளியே வந்தது. வண்டுவின் சின்தசைசர் கட்டிலுக்கு அடியில் போகக் கூடாது. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

எனவே இடியின் கருத்தை அழித்தார். மேல் கருத்து போனால் அதற்கு வந்த பதிலும் சேர்ந்து போகும் என்பது, போன பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அங்கே இருந்தது ஒரே ஒரு பதில். வண்டுவின் பதில். "இடி சார், நீங்க கேட்டேன்னு சொல்றீங்க, ஆனா" என்கிற வரைக்கும்தான் அவர் பார்த்திருந்தார்.

சாயங்காலத்துக்குள் குழு இரண்டாகிவிட்டது. "என் கருத்துச் சுதந்திரம் எங்கே?" என்று இடி முழங்கினார். "திட்டினவனையும் திட்டு வாங்கினவளையும் ஒரே குப்பைத் தொட்டியில் போடுவதுதான் உங்கள் நியாயமா?" என்று இன்னொரு கூட்டம் கேட்டது. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்ததால் கண்ணாடிக்காரருக்கு அதிகமாக வலித்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் முறையிட்டார். அவள் மருந்துக் கடையில் நாள் பூராவும் நின்றுவிட்டு வந்து, கால் நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதப் போறேன். குழு சார்பா. பகிரங்கமா."

"யார்கிட்ட மன்னிப்பு?"

"அவங்ககிட்ட. அவங்க இனத்துக்கிட்ட."

"இனம் மொத்தமும் உங்க குழுவில இருக்கா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியாதுதான். நாளைக்கு நீங்க புலம்பும்போது புரியும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயத்துக்காகத்தான்.

கடிதம் நன்றாகவே வந்தது என்று அவர் நினைத்தார். "தாளம் என்பது உங்கள் இனத்தின் ரத்தத்திலேயே ஓடுகிறது, நாங்கள் கற்றுக்கொண்டு செய்வதை நீங்கள் பிறந்தவுடனே செய்கிறீர்கள்" என்ற வரியை எழுதிவிட்டு எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். அந்த அளவுக்கு நெகிழ்ந்துவிட்டார்.

மறுநாள் மூக்குக் கண்ணாடிக்கு மூக்கு அளந்துகொண்டிருந்தபோது முதல் பதில் வந்தது. "இடி சொன்னதையேதான் நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். அவர் செருப்பு மாலை போட்டார், நீங்கள் ரோஜா மாலை. கழுத்து அதேதான்."

இரண்டாவது பதில் இடியிடமிருந்து வந்தது. "நான் எழுதியதை ஒப்புக்கொண்டதற்கு நன்றி."

கண்ணாடிக்காரர் அளவு எழுதுவதை விட்டுவிட்டார். பாவம், அந்த வாடிக்கையாளர் இன்றைக்கும் கண்ணாடியை ஒரு விரலால் தூக்கிவிட்டுக்கொண்டுதான் நடக்கிறார்.

மூன்றாவதாக வண்டுவே எழுதியிருந்தாள். "சார், பரவாயில்லை. என் பாட்டைப் பத்தி ஒரு சின்ன விஷயம் சொல்லணும். சொல்லலாமா?"

அவர் பதறிப்போனார். அவமானப்பட்டவளே வந்து விளக்கம் சொல்வதா? இது என்ன நீதிமன்றமா? மின்னல் வேகத்தில் பதில் தட்டினார்: "வேண்டாம் அம்மா. உங்கள் இசையைப் பற்றி நீங்கள் யாருக்கும் எந்த விளக்கமும் தர வேண்டியதில்லை. அந்தச் சுமையை நாங்கள் சுமக்கிறோம்."

அதோடு விடவில்லை. அவளுக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அந்தப் பக்கத்தையே பூட்டிவிட்டார். இனி அங்கே யாரும் எழுத முடியாது. யாரும் என்பதில் அவளும் சேர்த்தி என்பதை ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவிதான் சொன்னாள்.

"அந்தப் பொண்ணைக் காப்பாத்த அவ வாயிலயே பூட்டுப் போட்டீங்களா?"

"அது தற்காலிகப் பூட்டு."

"சாவி யார்கிட்ட?"

அவர் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டார்.

பூட்டைத் திறந்தாக வேண்டும். ஆனால் வெறுமனே திறந்தால் மறுபடி குழாயடிச் சண்டைதான். யோசித்து யோசித்து ஒரு திட்டம் போட்டார். அதற்கு 'மரியாதை வாரம்' என்று பெயரும் வைத்தார். பூட்டு திறந்ததும் அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு உறுப்பினரும் வண்டுவின் பாட்டைப் பற்றி மரியாதையாக நாலு வரியாவது எழுத வேண்டும். எழுதாதவர்கள் தற்காலிகமாக நீக்கப்படுவார்கள்.

பாராட்டுகள் மடை திறந்து கொட்டின.

"இவ்வளவு அடக்கமான இசையை என் வாழ்நாளில் கேட்டதில்லை," என்று ஒருவர் எழுதினார். "இதைக் கேட்கும் தகுதி என் ஹெட்ஃபோனுக்கு இல்லை. சம்பளம் வந்ததும் புதுசு வாங்கப்போகிறேன்," என்றார் மற்றொருவர். "ஓர் இனமே எழுந்து நின்று பேசுகிறது" என்று எழுதியவருக்கு எல்லோரும் இதயம் போட்டார்கள்.

இடி ஒரே சொல் எழுதினார். "நன்று."

"நாலு வரி," என்று கண்ணாடிக்காரர் நினைவூட்டினார்.

இடி திரும்பி வந்து நான்கு வரிகளிலும் "நன்று" என்று எழுதிவிட்டு, கீழே "போதுமாய்யா?" என்று கேட்டிருந்தார். அந்த 'ய்யா'வை மரியாதையில் சேர்ப்பதா, அவமரியாதையில் சேர்ப்பதா என்று தலைமைக் குழுவில் அரை நாள் விவாதம் நடந்தது. தலைமைக் குழு என்பது கண்ணாடிக்காரர் ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பாராட்டு ஒரு கட்டுரை. அதை மனைவிக்கு வாசித்தும் காட்டினார். "தாளத்துக்குள் ஒளிந்திருக்கிறது ஒரு தாலாட்டு. தாலாட்டுக்குள் ஒளிந்திருக்கிறது ஒரு தழும்பு..."

மனைவி கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு. பாட்டு எப்படி?"

"இவ்வளவு நேரம் அதைத்தானே வாசிச்சேன்."

வாரத்தின் நடுவிலே வண்டு எழுதினாள். மொத்தமே இரண்டு வரி. "தயவுசெய்து எல்லாரும் நிறுத்துங்க. இந்த வாரக் கடைசியில நான் குழுவை விட்டுப் போயிடறேன்."

கண்ணாடிக்காரர் அன்று பவர் பார்த்த ஒரு பெரியவருக்குப் பக்கத்துப் பார்வையையும் தூரத்துப் பார்வையையும் மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டார். மனசில் ஓடியது வேறு படம். கட்டில். கட்டிலுக்கு அடியில் துணி சுற்றிய ஒரு சின்தசைசர். இந்த முறை அதைத் தள்ளுகிற கை அவருடையது.

"எல்லாம் நல்லதுக்குத்தானேடி செஞ்சேன்," என்றார் மனைவியிடம். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

அவள் கேலி பண்ணவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எழுதினது போதும். போன் போட்டுப் பேசுங்க. முன்னுரை வேண்டாம். அந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னு மட்டும் கேளுங்க."

வார இறுதியில், கடைசி வாடிக்கையாளர் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண் பார்க்கும் அறையில் வாடிக்கையாளர் நாற்காலியிலேயே உட்கார்ந்து அவளை அழைத்தார்.

"வணக்கம்மா. மின்னிசை முற்றத்திலேர்ந்து பேசறேன். முதல்ல ஒரு சின்ன முன்னுரை..."

"சார், நான் பேசலாமா?"

"தாராளமா. பேசறதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு. இன்னும் சொல்லப்போனா, காலங்காலமா மறுக்கப்பட்ட..."

"சார்."

"சொல்லும்மா."

ஒரு பெருமூச்சு கேட்டது. "அந்த இடி எழுதினது சுருக்குன்னுதான் இருந்துச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது பழகின குத்து சார். எங்க தைக்கும்னு தெரியும், கையை வெச்சு மறைச்சுக்கலாம். நீங்க எல்லாரும் ஒரு வாரமா என்னைத் தோள்ல தூக்கி வெச்சு ஆடுறீங்க பாருங்க, அதுலேர்ந்துதான் இறங்க வழி தெரியலை. என்னை யாருன்னு நெனச்சு இதெல்லாம் பேசறீங்கன்னும் தெரியலை."

கண்ணாடிக்காரர் எதிரே இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தார். தயார் செய்து வைத்திருந்த பேச்சு ஒரு வரியும் ஞாபகம் வரவில்லை.

"எனக்கும் ஒருத்தன் இப்படித்தான் எழுதினான்மா," என்றார் மெதுவாக. "நானும் உன் நிறம்தான். அதுக்கப்புறம் மெஷினைத் தொடவே இல்லை. ரொம்ப வருஷம். நீ அப்படிப் பண்ணிடக் கூடாதேன்னு பயந்துட்டேன். பயத்துல கண்டதையும் பண்ணிட்டேன். வேற ஒண்ணுமில்லை."



"இதை மொதல்லயே எழுதியிருக்கலாமே சார்," என்றாள். குரல் இளகியிருந்தது. "சரி, நான் போகலை."

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது.

"ஆனா ஒரே ஒரு உதவி பண்ணணும்."

"என்ன வேணாலும் கேளும்மா."

"அந்தப் பாட்டைக் குழுவிலேர்ந்து எடுத்துடுங்க."

"ஐயோ, ஏம்மா? எப்பேர்ப்பட்ட பாட்டு அது. அந்தத் தாளம், அதுக்குள்ள அந்தத் தாலாட்டு..."

"முதல் நாள்லேர்ந்து இதைத்தான் சொல்ல வர்றேன், யாரும் விட மாட்டேங்கறீங்க," என்றாள் வண்டு. "நான் அவசரத்துல ஏத்தினது காலி ஃபைல் சார், அதுல ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் சத்தமே கிடையாது."