இளைப்பாறுதல் குழுச் செயலாளர் விலகுகிறார்

கர்த்தருக்குள் மிகுந்த அன்புக்குரிய சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் பணிவோடு எழுதுவது. உங்கள் முழங்கால் வலியும் சித்தியின் இருமலும் இந்நேரம் குறைந்திருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டு அந்த வரியை அடித்திருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். நாற்பது வருஷம் போதகராக இருந்தவருக்குப் பொய் எழுதக் கை வரவில்லை.

"தினமும் கால்மணி நேரமாவது ஆண்டவர் சமுகத்தில் அமைதியாக உட்காருகிறாயா அம்மா?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். முயற்சி செய்தேன் சித்தப்பா. விடியற்காலையில் கட்டிலோரம் முழங்காற்படியிட்டேன். "பிதாவே" என்றது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது, "அப்பா, அம்மா குறட்டை விட்டு ஜெபம் பண்றாங்க" என்று சின்னவள் போட்ட சத்தம். சரி, குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஜெபிக்கலாம் என்று போனால், "அம்மா, என்னோட இன்னொரு சாக்ஸ் எங்க?" என்று பெரியவள் கதவை இடித்தாள். நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சாமான் அறைக்குள் பஞ்சுப் பெட்டிகளுக்கு நடுவே கண்ணை மூடி நின்றேன். டாக்டர் கதவைத் திறந்தவர், "என்னம்மா, தலை சுத்துதா?" என்று பதறி, என் கையிலிருந்தே ரத்தம் எடுக்க வைத்துவிட்டார். ரத்தத்தில் ஒரு குறையும் இல்லையாம். நாளுக்கு அறுபது பேருக்கு ஊசி குத்தி, "பயப்படாதீங்க, கையைத் தளர்வா விடுங்க" என்று சொல்கிறவள் நான். எனக்கு அப்படிச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

இந்த நிலைமையில்தான் எங்கள் போதகர் "பரபரப்பான வாழ்வில் இளைப்பாறுதல்" என்று ஒருநாள் கூடுகை அறிவித்து, அதற்கு ஒரு குழு போட்டு, குழுவுக்கு என்னைச் செயலாளராகவும் போட்டார். ஓய்வைப் பற்றிப் பேச வாரத்துக்கு மூன்று கூட்டம். கூட்டத்துக்கு முன்னால் ஜெபம், பின்னால் ஜெபம், இரண்டுக்கும் நடுவே யாருக்கு எந்த மரத்தடி என்று சண்டை. தனித் தியானத்துக்கு நிழல் அதிகமுள்ள மரம் தனக்குத்தான் வேண்டும் என்று இரண்டு மூப்பர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். நான்தான் இருவர் வீட்டுக்கும் நடையாய் நடந்து, ஒரே மரத்துக்குக் கிழக்குப் பக்கம் ஒருவர், மேற்குப் பக்கம் ஒருவர் என்று முடித்துவைத்தேன். பேருந்தில் நாற்பத்திரண்டு இருக்கை. பட்டியல் எழுதி முடித்தபோது சரியாக நாற்பத்திரண்டு பேர். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஆண்டவரே கணக்குப் பார்த்துக் கொடுத்தார் என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை எல்லோரும் ஏறினார்கள். என் கைப்பையையும் செல்போனையும் என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, "இளைப்பாறுதல்" என்று எழுதிய துணிப் பதாகையை மறந்துவிட்டோமே என்று ஆலயத்துக்குள் ஓடினேன். சபையில் ஒலிபெருக்கி வைக்கிற மைக் அண்ணன் என் பட்டியலை வாங்கி ஒவ்வொரு பெயராய் வாசித்திருக்கிறார். நாற்பத்திரண்டு பேரும் "இருக்கேன்" என்றிருக்கிறார்கள். எங்கள் சபை வரலாற்றிலேயே முதல் தடவையாக ஒரு வண்டி குறித்த நேரத்துக்குப் புறப்பட்டது. பதாகையோடு நான் வாசலுக்கு வந்தபோது புகை மட்டும் நின்றது. என்னை ஏன் விட்டுப் போனார்கள் என்று முதலில் புரியவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. பட்டியலில் என் பெயரை நானே எழுதவில்லை. ஏறியிருந்தாலும் எனக்கு உட்கார இடம் இருந்திருக்காது சித்தப்பா.

நான் இல்லாததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள் என்று ஒரு மணி நேரம் வாசலிலேயே நின்றேன். வரவில்லை. உள்ளே போய் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். அழைக்கப் போன் இல்லை, சாக்ஸ் கேட்கப் பிள்ளை இல்லை, நீங்கள் சொன்ன அமைதி முழுசாக என் முன்னால் இருந்தது. ஜெபம் மட்டும் வரவில்லை. ஒரு வார்த்தைகூட வரவில்லை. பீடத்தருகே இருந்த, மற்றவர்களுக்காக ஜெபிக்கிற சபைக் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினேன், அதிலும் என் பெயர் இல்லை. கடைசியில் பேருந்தில் சொல்கிற மாதிரி, "ஆண்டவரே, நானும் இருக்கேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அழுதேன். வெகுநேரம் அழுதேன். அப்புறம் அதே பெஞ்சில் படுத்து, குளிருக்குப் பதாகையை இழுத்துப் போர்த்திக்கொண்டவள்தான், தூங்கிப்போனேன். ஆலய அலுவலகத் தொலைபேசி மணியடித்தபோது மணி இரண்டு.

என் வீட்டுக்காரர்தான். என்னைத் தேடியிருக்கிறார் என்று நெஞ்சு நிறைந்து ஓடிப்போய் எடுத்தேன். "ஏம்மா, மைக் பெட்டி சாவி ஒங்கிட்டதான இருக்கு?" என்றார். மத்தியானம்வரை நான் இல்லாதது தெரியவில்லையா என்று கேட்டேன். "நீ எப்பவும் முன்னாடி ஏதாவது வேலையா ஓடிட்டு இருப்ப, அப்படித்தான்னு நெனச்சேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, அது உண்மைதான். மறுநாள் ஆராதனையில் போதகர் என்னை எழுப்பி நிறுத்தி, "சகோதரி ஓயாம உழைச்சதாலதான் நாம எல்லாரும் ஓய்ந்திருந்தோம்" என்றார். கை தட்டினார்கள்.

போதும் சித்தப்பா. செயலாளர், ஞாயிறு பள்ளி, பூ வைக்கிற வேலை, எல்லாவற்றிலிருந்தும் விலகுகிறேன். ஆலயத்துச் சாவியை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். எங்கள் போதகரிடம் கொடுத்தால் தலையில் கைவைத்து ஜெபித்து மறுபடி என் கையிலேயே திணித்துவிடுவார். எனக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள். நான் என்னை விட்டுவிட்ட மாதிரி, ஆண்டவரும் தம்முடைய பட்டியலில் என்னை விட்டுவிட்டாரா? பிரசங்கம் வேண்டாம், ஆமா இல்லை என்று ஒரு வரி போதும்.

சித்திக்கு என் அன்பு. பிள்ளைகளின் ஸ்தோத்திரம். கர்த்தர் உங்கள் இருவரையும் கண்மணிபோல் காப்பாராக.

உங்கள் ஆசீர்வாதத்தை நாடும்,
மகள்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் போதகர் வந்துவிட்டார். கூடுகை மிகவும் ஆசீர்வாதமாக இருந்ததாம், அடுத்த மாதமும் வைக்க வேண்டுமாம். "நீங்க இல்லாம முடியாதும்மா" என்றார். வாய் தானாகச் சரி என்று சொல்லிவிட்டது. அதே பேருந்துதான், நாற்பத்திரண்டு இருக்கை. இந்த முறை முதல் பெயராக என் பெயரை எழுதினேன். எல்லோரையும் எழுதி முடித்தபோது நாற்பத்துமூன்று வந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு என் பெயரை நானே அடித்தேன், யாருக்கும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். உறையில் சாவியைத் தேட வேண்டாம், எடுத்துக்கொண்டேன். போன தடவை அந்தப் பெஞ்சில் படுத்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை தலையணை எடுத்துப்போகிறேன்.